புகைப்படக் கலைஞர்களுக்கான தொழில் காப்புறுதி: கமெராவுக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை

பிளேஸ்டோவிலும் அதனை அடுத்த அப்டன் பார்க், ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பகுதிகளிலும் ஆண்டு முழுவதும் தமிழ்க் குடும்பங்களின் திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், பரதநாட்டிய அரங்கேற்றங்கள் நடைபெறுகின்றன. இவற்றைப் படம்பிடிக்கும் கலைஞர்களில் பலர் வீட்டின் முன்னறையை அலுவலகமாகவும், சொந்தக் காரைத் தொழில் ஊர்தியாகவும், உறவினர் ஒருவரை உதவியாளராகவும் கொண்டு தொழில் நடத்துபவர்கள். தொழில் காப்புறுதி, அதாவது தொழிலுக்கான காப்பீடு, எடுக்க முற்படும்போது இவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காப்புறுதி என்றதும் பெரும்பாலோரின் நினைவுக்கு முதலில் வருவது கமெராவே. அது இயல்பானது; பல மாதச் சேமிப்பில் வாங்கிய பொருள் அது. ஆயினும், கமெரா தொலைந்தால் ஏற்படும் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. தாலி கட்டும் வேளையில் உறவினர் அனைவரும் எழுந்து மணவறையை நோக்கி நெருங்கும்போது, விளக்குத் தாங்கியின் மின்வடத்தில் கால் இடறி ஒரு மூதாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த இழப்புக்கு எல்லை இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னரான பராமரிப்பு, வழக்குச் செலவு, வலிக்கான நட்டஈடு ஆகிய அனைத்தும் கோரப்படலாம். தனிநபர் வணிகராகத் தொழில் செய்பவருக்கும் அவருடைய தொழிலுக்கும் இடையே சட்டம் வேறுபாடு காண்பதில்லை. தொழிலின் கடன் அவருடைய சொந்தக் கடன்; அவருடைய சேமிப்பும் வீடும் அதற்கு ஈடாகச் செல்லக்கூடும். ஆகவே காப்புறுதியைத் தெரிவு செய்யும்போது, கமெராவின் விலையிலிருந்து தொடங்காமல், பிறருக்கு நேரக்கூடிய தீங்கிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

சட்டம் கட்டாயமாக்கியுள்ளவை

தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞர் எந்தக் காப்புறுதியும் இன்றித் தொழில் நடத்துவதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் மூன்று சூழ்நிலைகளில் நிலைமை மாறுகிறது.

முதலாவது, உதவியாளரை வைத்திருப்பது. 1969ஆம் ஆண்டின் தொழில்தருநர் பொறுப்புக் கட்டாயக் காப்புறுதிச் சட்டத்தின்படி, ஒருவரையேனும் வேலைக்கு வைத்திருப்பவர் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்குக் காப்புறுதி கொண்டிருக்க வேண்டும். பேச்சு வழக்கில் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி எனப்படுவது இதுவே. இக்காப்புறுதி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். சான்றிதழைப் பணியாளர் பார்க்கும் வகையில் வைக்காமைக்குத் தனியாக 1,000 பவுண் வரை தண்டம் உண்டு. கணினியில் பார்க்கும் வகையில் வைத்திருப்பதும் ஏற்றுக்கொள்ளப்படும்.

நெருங்கிய குடும்பத்தினரை மட்டுமே வேலைக்கு வைத்திருப்போருக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பெரிதும் தவறாக விளங்கிக்கொள்வது இந்த விலக்கைத்தான். கணவன், மனைவி, பெற்றோர், பாட்டன், பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாற்றாந்தாய் மற்றும் மாற்றுத்தந்தை வழி உறவினர் சிலர் ஆகியோரையே சட்டம் குடும்பத்தினராகக் கொள்கிறது. சிற்றப்பாவின் மகன் தமிழில் தம்பிதான். பெரியம்மாவின் மகன் அண்ணன்தான். சட்டத்தின் பட்டியலில் அவர்கள் இருவரும் இல்லை. மச்சானும் இல்லை, மகளின் கணவரும் இல்லை. சனிக்கிழமைதோறும் விளக்குப் பிடிக்க வரும் “தம்பி” சிற்றப்பாவின் மகனாக இருந்து, அவருக்கு நாட்கூலியாகப் பணம் கொடுக்கப்படுமாயின், கலைஞர் தொழில்தருநராகக் கருதப்படக்கூடும். பணத்தை ரொக்கமாகக் கொடுப்பதால் இந்த நிலை மாறுவதில்லை.

தொழில் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் குடும்பத்தினருக்கான விலக்கும் பொருந்தாது. கணக்காளரின் ஆலோசனைப்படி வரிக்காகக் கம்பனி தொடங்கியவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: அதுவரை தேவைப்படாத காப்புறுதி, உடன்பிறந்த தம்பி வேலை செய்தாலும் அன்று முதல் தேவைப்படும். பங்குகளில் பாதி அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் ஒருவரே கம்பனியின் ஒரே பணியாளராகவும் இருப்பின் அவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

உதவியாளர் தம்மைச் சுயதொழில் புரிபவர் என்று கூறிக்கொள்வது மட்டும் போதாது. வேலை நேரத்தைத் தீர்மானிப்பவர் யார், கமெராவும் விளக்கும் யாருடையவை, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப அவருக்கு உரிமை உண்டா என்பன பார்க்கப்படும். சொந்தக் கமெராவுடன் வந்து, பல கலைஞர்களுக்கும் வேலை செய்து, தமக்கெனப் பொறுப்புக் காப்புறுதியும் வைத்திருக்கும் இரண்டாம் புகைப்படக் கலைஞரின் நிலை வேறு. சொன்ன இடத்தில் நின்று விளக்குப் பிடிக்கும் இளைஞரின் நிலை வேறு. ஐயம் இருக்குமாயின் காப்புறுதி எடுத்துவிடுவதே நல்லது. சிறு தொழிலுக்கான பொறுப்புக் காப்புறுதியுடன் சேர்த்து இதனையும் பெற முடியும்.

விலக்கு என்பது காப்புறுதி எடுக்கும் கடமையிலிருந்து மட்டுமே. ஏணியிலிருந்து விழுந்த தம்பிக்கு நட்டஈடு கோரும் உரிமை அப்போதும் இருக்கும். அவர் கோராமல் இருக்கலாம். அவருடைய வேலை இழப்பும் வீட்டு வாடகையும் அவரைக் கோர வைக்கவும் கூடும்.

இரண்டாவது, ட்ரோன். பொழுதுபோக்குக்காகச் சிறிய ட்ரோன் பறக்கவிடுவோருக்குக் காப்புறுதி கட்டாயமில்லை. கட்டணம் பெற்றுப் படம்பிடிப்பவருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று நியூஹாமில் தொழில் செய்வோருக்கு உண்டு. லண்டன் சிற்றி விமான நிலையம் இந்த நகரசபையின் எல்லைக்குள், ரோயல் டொக்ஸ் பகுதியில் அமைந்துள்ளது. விமான நிலையத்தைச் சூழ்ந்துள்ள தடைவலயத்தில் முன்னனுமதி இன்றி ட்ரோன் பறக்கவிடுவது குற்றமாகும். நியூஹாமின் தென்பகுதிகள் இவ்வலயத்தினுள் அடங்குகின்றன. மண்டபத்தின் வாயிலில் மணமக்கள் இறங்குவதை மேலிருந்து படம்பிடிக்க ஒப்புக்கொள்ளும் முன், அந்த முகவரி வலயத்தினுள் உள்ளதா என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் வழிகாட்டலைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். சட்டத்தை மீறிப் பறந்த ட்ரோனால் ஏற்படும் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்கும் என எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, கார். சொந்தத் தேவைக்கும் வேலையிடத்துக்குச் சென்றுவரவும் மட்டும் எடுத்த வாகனக் காப்புறுதி, வாரந்தோறும் வெவ்வேறு மண்டபங்களுக்குத் தொழில் நிமித்தம் செல்வதை உள்ளடக்குவதில்லை. தொழில் பாவனையும் பத்திரத்தில் சேர்க்கப்பட வேண்டும். உரிய காப்புறுதி இன்றி வாகனம் செலுத்துவோருக்கு 300 பவுண் நிலையான தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகளும் விதிக்கப்படலாம்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி

பப்ளிக் லயபிலிட்டி எனப்படும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி, கலைஞரின் தொழிலால் பொதுமக்களில் ஒருவர் காயமுற்றாலோ அவருடைய உடைமை சேதமுற்றாலோ எழும் நட்டஈட்டையும் வழக்குச் செலவையும் ஏற்கிறது. மின்வடத்தில் இடறிய மூதாட்டியும், சூடேறிய விளக்கால் கருகிய மண்டபத் திரைச்சீலையும் இதன்கீழ் வருவன. வேலைக்கு வந்த உதவியாளரின் காயமும், கலைஞரின் சொந்தக் கமெராவும், சரியாக அமையாத படங்களும் இதன்கீழ் வருவதில்லை.

சட்டம் இதனைக் கட்டாயமாக்கவில்லை எனினும் மண்டபங்கள் பலவும் சான்றிதழைக் கேட்கின்றன. 10 இலட்சம், 20 இலட்சம், 50 இலட்சம், 1 கோடி பவுண் என்ற எல்லைகளில் இது விற்கப்படுகிறது. எந்த எல்லையைத் தெரிவு செய்வது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: வழக்கமாகப் பணிபுரியும் மண்டபங்களிலும் கோயில்களிலும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து, அவற்றுள் உயர்ந்ததை எடுப்பது. இந்த எல்லைகளுக்கிடையிலான கட்டண வேறுபாடு பெரும்பாலும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். சான்றிதழில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள தொழிற்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விழா நாளன்று வாயிலில் நின்று இதனை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இராது.

பூங்காக்களில் மணமக்களைப் படம்பிடிப்போர் அனுமதியை உரிய இடத்தில் கேட்க வேண்டும். நியூஹாமில் உள்ள பூங்காக்கள் அனைத்தும் நகரசபையினுடையவை அல்ல. வெஸ்ட் ஹாம் பூங்கா நியூஹாமின் எல்லைக்குள் இருந்தபோதிலும் அதனை நிர்வகிப்பது சிற்றி ஒஃப் லண்டன் கூட்டுத்தாபனமாகும்.

படங்களே கிடைக்காமற் போனால்

பதிவு அட்டை பழுதடைந்து முகூர்த்தப் படங்கள் அழிந்துவிட்டன. கலைஞர் நோயுற்று வர இயலவில்லை. வாடிக்கையாளர் அனுமதியின்றி அவருடைய மகளின் படம் விளம்பரத்தில் பயன்பட்டுவிட்டது. இத்தகைய குறைகளுக்கானது புரொஃபெஷனல் இன்டெம்னிட்டி எனப்படும் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி. பொதுப் பொறுப்புடன் இதனை ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வோர் உண்டு; இரண்டும் வெவ்வேறு.

1971இல் ஸ்காட்லாந்தின் ஷெரிஃப் நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கொன்று தீர்க்கப்பட்டது. திருமணத்துக்கு ஒப்புக்கொண்ட புகைப்படக் கலைஞர் அன்று வரவேயில்லை. மணமகளின் மன வேதனைக்காக 30 பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. தொகை இன்று சிறிதாகத் தோன்றலாம். ஆனால் திரும்ப நிகழாத ஒரு நாளின் படங்கள் இல்லாமற் போவது பண இழப்பு மட்டுமன்று, வேதனையும் ஈடுசெய்யப்பட வேண்டியது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் வந்து கூடிய ஒரு திருமணத்தில் அவ்வேதனை எத்தகையது என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதற்கும் பொறுப்பில்லை என ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுவதால் கலைஞர் தப்பிவிட முடியாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், சேவை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. அந்தக் கடமையை ஒப்பந்தத்தால் நீக்க முடியாது; வாடிக்கையாளர் செலுத்திய கட்டணத்துக்கும் குறைவாகப் பொறுப்பைச் சுருக்கவும் முடியாது.

இவ்வகைக் காப்புறுதியில் மீளப் படம்பிடிக்கும் செலவு அடங்குமா என்று கேட்பது பயனுள்ளது. மணமக்களையும் பெற்றோரையும் மீண்டும் அலங்கரித்து அழைத்துவரும் செலவை ஏற்கும் பத்திரங்கள் உண்டு. தாலி கட்டுவதை எந்தப் பத்திரத்தாலும் மீள நடத்த முடியாது. எனவே ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளில் பதியும் கமெராவைப் பயன்படுத்துவதும், அன்றிரவே பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைப்பதும் காப்புறுதியின் நிபந்தனைகளாகவே இருக்கக்கூடும்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. பொதுப் பொறுப்பில், விபத்து நடந்த நாளில் நடைமுறையில் இருந்த பத்திரமே வழக்கமாகப் பொறுப்பேற்கும். இதில் அவ்வாறன்று, கோரிக்கை எழும் நாளில் பத்திரம் நடைமுறையில் இருக்க வேண்டும். வைகாசியில் நடந்த திருமணத்தின் குறை ஆவணியில் வெளிப்பட்டு, கலைஞர் ஆடியில் பத்திரத்தை நிறுத்தியிருந்தால், அவருக்கு எதுவும் கிடைக்காது. நிறுவனத்தை மாற்றுவோர், முந்தைய ஆண்டுகளின் வேலையையும் புதிய பத்திரம் ஏற்குமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். தொழிலை விட்டு விலகுவோருக்கும் சிறிது காலத்துக்கு இக்காப்புறுதி தேவைப்படும்.

கமெராவும் கருவிகளும்

வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி தொழிற்கருவிகளை ஏற்பதில்லை, அல்லது மிகச் சிறு தொகைக்கே ஏற்கும். வீட்டில் தொழில் நடப்பதையும் வாடிக்கையாளர் வந்து செல்வதையும் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிடில், நீர்க்குழாய் வெடித்த கோரிக்கைகூடச் சிக்கலாகலாம்.

கருவிகளின் மதிப்பைக் குறைத்துக் கூறுவது பொதுவான தவறு. 12,000 பவுண் பெறுமதியுள்ள கருவிகளை, கட்டணத்தைக் குறைக்கும் நோக்கில், 6,000 பவுணுக்கு மட்டும் காப்புறுதி செய்தார் ஒருவர் எனக் கொள்வோம். 4,000 பவுண் பெறுமதியான பொருட்கள் களவு போகின்றன. காப்புறுதித் தொகை 6,000 இருப்பதால் 4,000 முழுவதும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். விகிதாசார நிபந்தனை உள்ள பத்திரத்தில் அவருக்கு 2,000 மட்டுமே கணக்கிடப்படும், ஏனெனில் அவர் பாதிக்கே காப்புறுதி செய்துள்ளார். எக்ஸஸ் எனப்படும் சொந்தப் பங்கு அதிலிருந்தும் கழியும். புதிய பொருளின் விலை தரப்படுமா, தேய்மானம் கழித்துத் தரப்படுமா என்பதும் பார்க்கப்பட வேண்டும். ஐந்து ஆண்டு பழைய லென்ஸுக்கு இவ்விரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கும்.

காரில் வைத்த கருவிகளே பல கோரிக்கைகள் நிராகரிக்கப்படும் இடம். ஆளில்லாத காரில் இருந்த கருவிகளுக்கு, அவை பூட்டிய பின்பெட்டியில் வெளியே தெரியாதவாறு இருந்தால் மட்டுமே இழப்பீடு என்றும், இரவு நேரத்தில் அறவே இல்லை என்றும் பல பத்திரங்கள் கூறுகின்றன. நள்ளிரவு கடந்து வரவேற்பு முடிந்து, தெருவில் காரை நிறுத்திவிட்டு, களைப்பில் பைகளைக் காலையில் இறக்கலாம் என விட்டுவிடுவது இத்தொழிலில் அரிதன்று. பத்திரத்தின் இந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுமையாக வாசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திருமணம் படம்பிடிக்கச் செல்வோர், பத்திரம் எந்த நாடுகளில், ஆண்டுக்கு எத்தனை நாட்கள் செல்லுபடியாகும் என்று கேட்டறிய வேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதி தொழிற்கருவிகளை ஏற்கும் என நம்புவது தவறு. பொறுப்புக் காப்புறுதியில் அமெரிக்காவும் கனடாவும் தனியே விலக்கப்பட்டிருப்பது வழக்கம். ரொறொன்ரோவில் உறவினர் உள்ளோர் இதனைக் கவனிப்பது நன்று.

விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியவை

தொழில் காப்புறுதிக்கு 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் பொருந்தும். இது 2016 ஓகஸ்ட் 12 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, விண்ணப்பிப்பவர் தம் தொழிலின் இடர்களை நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். வீட்டுக் காப்புறுதியில் கேட்ட கேள்விகளுக்கு உண்மையாகவும் கவனமாகவும் பதிலளித்தால் போதும். தொழில் காப்புறுதியில், கேட்கப்படாவிடினும் முக்கியமானதைக் கலைஞரே தெரிவிக்க வேண்டும். முன்னர் நேர்ந்த களவு, ட்ரோன் பயன்பாடு, உதவியாளர் எண்ணிக்கை, ஆண்டு வருமானம், வெளிநாட்டு வேலை ஆகியவை அவ்வாறானவை.

தெரிவிக்காத ஒன்று தெரிந்திருந்தால் நிறுவனம் 150 பவுணுக்குப் பதிலாக 300 பவுண் கட்டணம் கேட்டிருக்கும் எனில், இழப்பீட்டையும் பாதியாகக் குறைக்கலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பத்திரத்தையே இரத்துச் செய்து, கட்டணத்தையும் திருப்பித் தராதிருக்கலாம். ஆங்கிலம் சரியாக விளங்காதோர் பிள்ளைகளைக் கொண்டு இணையவழி விண்ணப்பத்தை நிரப்புவதுண்டு. பிள்ளை ஊகித்து அழுத்திய பதிலுக்கும் பொறுப்பாளி விண்ணப்பதாரரே. நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதியை வாங்கி, வரி வரியாக விளக்கக் கேட்பது அவசியம்.

வாங்கும்போதும் அதன் பின்னும்

விலை ஒப்பீட்டுத் தளங்களில் காணும் மிகக் குறைந்த தொகை பெரும்பாலும் கருவிகள், தொழில்முறைப் பொறுப்பு ஆகியவற்றை நீக்கிய தொகையாகும். ஒப்பிட வேண்டியது பத்திரத்தின் சொற்களையே. கொரோனாக் கால முடக்கத்தால் தொழில் தடைப்பட்டோரின் காப்புறுதி குறித்துப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 15 அன்று வழங்கிய தீர்ப்பிலும், ஒவ்வொரு பத்திரத்தின் சொற்களுமே ஆராயப்பட்டன. அச்சொற்களைப் பொறுத்தே யாருக்கு இழப்பீடு என்பது அமைந்தது.

சொல்லப்படும் தொகையில் 12 வீதக் காப்புறுதி வரி அடங்கியுள்ளதா என்று கேட்க வேண்டும். மாதத் தவணையில் செலுத்தினால் மொத்தத் தொகை கூடலாம். தொழிலுக்காகச் செலுத்தும் காப்புறுதிக் கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் தொழிற்செலவாகக் காட்டலாம்.

காப்புறுதித் தரகரை நாடுவோர் பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கத்தின் மூலம் தேடலாம். புகைப்படக் கலைஞர் சங்கங்கள் சிலவும் உறுப்பினருக்கெனக் காப்புறுதி ஏற்பாடுகளைச் செய்துள்ளன. வட்ஸ்அப் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் குறைந்த விலைக்குக் காப்புறுதி தருவதாகக் கூறுவோரிடம், அவர் நம்மவராகவே இருப்பினும், பணம் செலுத்தும் முன் நிதி நடத்தை அதிகாரசபையின் பதிவேட்டில் அவருடைய நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவர் தரும் சான்றிதழ் பெறுமதியற்ற தாளாக இருக்கக்கூடும்.

விபத்தோ களவோ நேர்ந்தால் உடனடியாக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். களவெனில் காவல்துறையின் குற்றப் பதிவு எண்ணும் தேவைப்படும். காயமுற்றவரிடம் தவறு தம்முடையதே என்று எழுதிக்கொடுப்பதோ, செலவை ஏற்பதாக வாக்களிப்பதோ பல பத்திரங்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. விழுந்த மூதாட்டிக்கு உதவுவதும் நலம் விசாரிப்பதும் வேறு விடயம். அவற்றைத் தயங்காமல் செய்யலாம்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். இறுதிப் பதிலளிக்க நிறுவனத்துக்கு எட்டு வாரங்கள் உண்டு. பதில் திருப்தியளிக்காவிடில், அது கிடைத்ததிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நிதிக் குறைகேள் அதிகாரி சேவையை நாடலாம். தனிநபர் வணிகரும் சிறு கம்பனிகளும் இச்சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழில் பேச வேண்டுமாயின் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். கருவிகளின் தொடர் எண்கள், பற்றுச்சீட்டுகள், நிறுவனத்துடன் நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அதற்கு முன்பே ஒரு கோப்பில் சேர்த்து, கமெராப் பையில் அல்லாமல் வேறோரிடத்தில் வைத்திருக்க வேண்டும்.